யாளிக்கு முட்டி எங்கே?

கள்ளக்குறிச்சியில் ஒரு மரச்சிற்பப் பட்டறை. வாகைக் கட்டையிலிருந்து ஒரு யாளி பாதி வெளியே வந்து நிற்கிறது. தலையும் பிடரியும் பிதுங்கிய கண்களும் வந்துவிட்டன. பின்பாதி இன்னும் வெறும் கட்டைதான், அதன் மேல் பென்சில் கோடுகள். சிற்பி கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டு, யாளியின் வயிற்றுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார்.

“இங்கதான் தம்பி முட்டி வரணும். ரெண்டு விரற்கடை கீழ எறங்கிச்சுன்னா இது மிருகமா இருக்காது. மேசைக்கால் ஆயிடும்.”

“யாளியை யாருமே பார்த்ததில்லையேங்கய்யா, முட்டி எங்க இருந்தா என்ன?” என்று கேட்டேன்.

“யாளியை யாரும் பார்த்ததில்ல. ஆட்டை எல்லாரும் பார்த்திருக்காங்களே” என்றார்.

அந்தப் பதில் பல நாள் என்னை விடவில்லை. இல்லாத ஒரு விலங்குக்குச் சரி, தப்பு எங்கிருந்து வருகிறது? சிங்க உடம்பு, யானைத் தந்தம், சில யாளிகளுக்குத் துதிக்கையும் உண்டு. இப்படி ஒரு பிராணி எந்தக் காட்டிலும் திரிந்ததில்லை. ஆனாலும் நல்ல யாளித்தூண் ஒன்றின் கீழ் நின்றால் அது இதோ பாய்ந்துவிடும் என்று உடம்பு நம்புகிறது. பொருட்காட்சி வாசலில் வைத்த ஃபைபர் பூதத்தின் முன் நின்றால் அப்படி ஒன்றும் நடப்பதில்லை. இரண்டுமே பொய். ஒரு பொய்யை நம்புகிறோம், இன்னொன்றை நம்புவதில்லை. ஏன்?

இதே கேள்வியோடு வாழ்நாள் முழுக்கக் குறிப்பேடு எழுதிக்கொண்டிருப்பவர் மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் 1964ல் பிறந்த கில்லர்மோ டெல் டோரோ. திகில் படங்களின் இயக்குநர். ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தின் ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித்திடம் பாடம் பயின்றவர். நீரில் வாழும் ஒரு விசித்திர உயிரை ஊமைப் பெண் ஒருத்தி காதலிக்கும் ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’ படத்துக்காக 2018ல் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பெற்றவர். அவருடைய குறிப்பேடுகளின் பக்கங்கள் 2013ல் ‘கேபினட் ஆஃப் கியூரியாசிட்டீஸ்’ என்ற பெயரில் நூலாக வந்தன. ஓரத்தில் ஒரு கை, நடுவில் ஒரு மண்டையோடு, சுற்றிலும் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கலந்த பொடி எழுத்து. அந்த ஏடுகளில் ஒன்றை அவர் லண்டனில் ஒரு டாக்சியில் மறந்து வைத்துவிட்டார். ஓட்டுநர் தேடி வந்து திருப்பிக் கொடுத்தார். ‘பான்ஸ் லாபிரிந்த்’ படத்துக்கான யோசனைகளெல்லாம் அதில்தான் இருந்தன.

2006ல் வந்த அந்தப் படத்தில் ஒரு ராட்சதன் வருகிறான். பெயர் ‘பேல் மேன்’, வெளிறிய மனிதன். விருந்து பரப்பிய நீண்ட மேசையின் தலைமாட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். அவன் எப்படி உருவானான் என்ற கதை, கற்பனை விலங்கு வரைய விரும்பும் எவருக்கும் முழுப் பாடம். முதலில் அவன் ஒரு கிழவன். மிகப் பருமனாக இருந்து திடீரென்று மெலிந்துபோனவன். தோல் மட்டும் பழைய அளவிலேயே மடிமடியாகத் தொங்குகிறது. சிற்பிகள் அதன்படி மாதிரி உருவம் செய்து அனுப்பினார்கள். கிழவனின் முகம் அழகாகவே வந்திருந்தது. டெல் டோரோ அந்த முகத்தை எடுத்துவிடச் சொன்னார். திருக்கை மீனைப் புரட்டிப் போட்டால் அடிப்பக்கம் எப்படித் தெரியும்? வழவழப்பான வெளுத்த பரப்பு, இரண்டு துளை, ஒரு வாய்க்கீறல். முகம் அப்படி இருக்கட்டும் என்றார். கண்கள்? எதிரில் ஒரு தட்டில் கிடக்கின்றன. விழித்ததும் அவற்றை எடுத்து உள்ளங்கைகளில் பொருத்திக்கொண்டு, கைகளை முகத்துக்கு நேராக விரித்துப் பார்க்கிறான்.

இதில் அவர் எதையும் கூட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். பத்துத் தலை இல்லை, கொம்பு இல்லை, வால் இல்லை. மனித உடம்பு அப்படியே இருக்கிறது. தோலின் தொய்வு, விலா எலும்பு, மெலிந்த தொடை எல்லாம் மருத்துவக் கல்லூரிப் படம்போல் சரியாக இருக்கின்றன. முகத்திலிருந்து கண்ணை மட்டும் எடுத்து வேறிடத்தில் வைத்தார். ஜப்பானிய ஓவியர் தோரியாமா செகியென் 1776ல் வெளியிட்ட பூத ஓவிய நூலிலும் உள்ளங்கையில் கண் உள்ள ஓர் உருவம் உண்டு. பழைய தந்திரம்தான். அது வேலை செய்வதற்குக் காரணம், சுற்றியுள்ள மற்ற எல்லாம் சரியாக இருப்பது.

புதுசாக ஒரு விலங்கை யோசிப்பது எவ்வளவு கடினம் என்பதை 1994ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தாமஸ் வார்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, வேற்றுக் கிரகத்தில் வாழும் ஓர் உயிரை வரையச் சொன்னார். அந்தக் கிரகம் பூமியைப் போல இருக்காது என்பது மட்டும்தான் நிபந்தனை. வேறு எந்தக் கட்டுப்பாடும் இல்லை, என்ன வேண்டுமானாலும் வரையலாம். வந்த படங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இடதும் வலதும் ஒன்றுபோல் இருந்தன. கண் இருந்தது, கால் இருந்தது. இன்னொரு சுற்றில் ‘அந்த உயிருக்கு இறகு உண்டு’ என்று மட்டும் சொன்னார்கள். உடனே சிறகும் அலகும் தாமாகவே வந்து ஒட்டிக்கொண்டன. செதில் என்றால் துடுப்பு வந்தது. கேட்காமலேயே வந்தது.

இதற்கு வார்ட் வைத்த பெயரைத் தமிழில் ‘கட்டுக்குட்பட்ட கற்பனை’ எனலாம். புதுக் குழம்பு வைக்கப் போகிறவரும் தம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத்தான் திறக்கிறார். நம் மனத்தில் விலங்குகள் தனித்தனி உறுப்புகளாகக் கிடப்பதில்லை. இறகோடு அலகு, செதிலோடு துடுப்பு, குளம்போடு கொம்பு என்று கொத்துக் கொத்தாகக் கிடக்கின்றன. வீட்டில் பிள்ளைகளிடம் ‘யாருமே பார்க்காத ஒரு மிருகம் வரை’ என்று சொல்லிப் பாருங்கள். முதலில் இரண்டு கண் வைப்பார்கள்.

அப்படியானால் அந்தப் பெட்டிக்குள் சரக்கைக் கூட்டுவதுதான் வழி. டெல் டோரோவின் ஏடுகளில் பூச்சிகளும் எலும்புகளும் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். லியோனார்டோ டா வின்சியும் தம் குறிப்புகளில் இதையேதான் சொல்லியிருக்கிறார்: கற்பனை விலங்கு இயல்பாகத் தோன்ற வேண்டுமானால் அதன் ஒவ்வோர் உறுப்பும் ஏதாவது ஒரு நிஜ விலங்கின் உறுப்பாக இருக்க வேண்டும். டிராகனுக்கு நாயின் தலை, பூனையின் கண், ஆமையின் கழுத்து என்று பட்டியலே போட்டுக் கொடுக்கிறார்.

ஆனால் உறுப்புகளைச் சேகரித்தால் போதுமா? ஃபைபர் பூதத்திடமும் நிஜக் கொம்பு, நிஜப் பல் எல்லாம் இருக்கின்றனவே. இங்கேதான் சிற்பி சொன்ன முட்டி வருகிறது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகும் சாலையில் ஒரு நாள் காலை, மின்கம்பியில் ஒரு பழந்தின்னி வௌவால் செத்துத் தொங்குவதைப் பார்த்தேன். ஒரு சிறகு விரிந்தபடி காய்ந்து போயிருந்தது. வெயில் பின்னாலிருந்து விழுந்ததால் தோலுக்குள் இருந்த எலும்பெல்லாம் கோடு கோடாகத் தெரிந்தது. நான் அதுவரை வௌவாலின் சிறகைக் குடை மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே தெரிந்தது ஒரு கை. தோள், மேல்கை, முழங்கை, முன்கை, மணிக்கட்டு. அதற்கப்பால் குடைக்கம்பிபோல் மெலிந்து நீண்ட நான்கு விரல்கள். மேலே, தோலுக்குள் மாட்டாமல், கொக்கி நகத்தோடு தனியாக ஒரு கட்டைவிரல். என் கையை வெயிலுக்கு எதிரே நீட்டி ஒப்பிட்டுப் பார்த்தேன். எண்ணிக்கை சரியாக இருந்தது.

இதை உயிரியலில் ‘ஒத்தமைப்பு’ என்பார்கள். வெளித்தோற்றமும் வேலையும் வேறு, உள்ளே இருக்கும் எலும்பு வரிசை ஒன்று. பிரெஞ்சுக்காரர் பியேர் பெலோன் 1555லேயே ஒரு மனித எலும்புக்கூட்டையும் ஒரு பறவையின் எலும்புக்கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வரைந்து, ஒவ்வோர் எலும்புக்கும் அடையாள எழுத்துப் போட்டுக் காட்டினார். இதற்குத் தெளிவான கலைச்சொல் 1840களில் ரிச்சர்ட் ஓவன் என்ற ஆங்கிலேயரிடமிருந்து கிடைத்தது. ஏன் அப்படி என்பதற்கான விடை டார்வினிடமிருந்து வந்தது: பொதுவான மூதாதை. ஒரே வீட்டு வரைபடத்தைப் பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாக இழுத்தும் சுருக்கியும் கட்டிக்கொண்டார்கள். திமிங்கிலம் விரல்களைத் தோலுக்குள் மூடித் துடுப்பாக்கியது. ஆடு பெரும்பாலான விரல்களைக் கைவிட்டது.

ஆட்டுக்கால் சூப் குடிப்பவர்கள் இதைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள், கவனிக்காமல். நீளமான அந்தக் குழாய் எலும்பின் முன்பக்கத்தில் நடுவாக மெல்லிய பள்ளம் ஒன்று ஓடும். அது, தனித்தனியாக இருந்த இரண்டு எலும்புகள் ஒட்டிக்கொண்ட இடத்தின் தழும்பு. நம் உள்ளங்கையில் நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் கீழே இருக்கிற அதே எலும்புகள். அப்படியென்றால் ஆட்டின் குளம்பு என்பது இரண்டு விரல்களின் நகம். ஆடு நாள் முழுக்க நக நுனியில் நடக்கிறது. அதன் முன்னங்காலில் நாம் முட்டி என்று சொல்வது மணிக்கட்டு. பின்னங்காலில் பின்பக்கமாக மடிவதுபோல் தெரிகிற மூட்டு, முட்டியே இல்லை. அது கணுக்கால், குதிகால் எல்லாம். நிஜ முட்டி அதற்கும் மேலே, வயிற்றை ஒட்டி, தோலுக்குள் பாதி மறைந்து கிடக்கிறது. சிற்பி கட்டைவிரலை வைத்து அழுத்திய அதே இடத்தில்.

அவர் பெலோனைப் படித்ததில்லை. ஆனால் உடம்பின் கணக்கு அவரிடம் தலைமுறையாக வந்திருக்கிறது. நம் சிற்பமரபில் தெய்வ உருவங்களுக்குத் தாலமானம் என்று ஓர் அளவு உண்டு. முகத்தின் நீளம் ஒரு தாலம், அதாவது 12 அங்குலம். முழு உருவம் இத்தனை தாலம் என்று விதி. இந்த அங்குலம் கடைக்காரரின் அங்குலம் இல்லை. சிலைக்குச் சிலை மாறும், ஆனால் அந்தச் சிலைக்குள் மாறாது. உடம்பு ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டது என்ற அறிவு அதற்குள் இருக்கிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊருக்கு ஒரு பெயர்ப்பலகை கிடைத்த மாதிரிதான் பலர் பேசினார்கள். என்னைக் கேட்டால், அந்தக் குறியீடு பாதுகாக்க வேண்டியது அந்தக் கட்டைவிரலை.

‘பான்ஸ் லாபிரிந்த்’ படத்தில் ஆட்டுக்கால் கொண்ட ஒரு வனதேவன் வருகிறான். அவனாகவும் வெளிறிய மனிதனாகவும் நடித்தவர் ஒருவரே, டக் ஜோன்ஸ். மனிதனின் குதிகால் தரையில் பதிகிறது, ஆட்டின் குதிகால் பாதி உயரத்தில் நிற்கிறது. ஆகவே ஆட்டுக்கால் வடிவைத் தனியாகச் செய்து அவரோடு பொருத்தி, அவருடைய சொந்தக் கீழ்க்கால்களைக் கணினியில் அழித்தார்கள். மூட்டு ஒன்று தன் இடத்தில் வருவதற்காக இவ்வளவு பாடு. அந்தப் படத்தின் ஒப்பனைக்கு ஆஸ்கர் கிடைத்தது வியப்பில்லை.

மூட்டு சரியாக இருந்தால் நமக்கு என்ன தெரியப் போகிறது என்று கேட்கலாம். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் யோஹான்சன் 1973ல் வெளியிட்ட சோதனை இதற்குப் பதில். ஒருவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முட்டி, கணுக்கால் ஆகிய மூட்டுகளில் மட்டும் சிறு வெளிச்சப் புள்ளிகளை வைத்து, இருட்டில் நடக்கவிட்டுப் படமெடுத்தார். படத்தில் உடம்பே இல்லை, புள்ளிகள் மட்டும். அசையாமல் இருந்தவரை அது என்னவென்று யாருக்கும் புரியவில்லை. நடக்கத் தொடங்கியதும், ஒரு நொடிக்குள், பார்த்தவர்களெல்லாம் ‘ஆள் நடக்கிறார்’ என்றார்கள். தோல், முகம், நிறம் எதுவுமே தேவைப்படவில்லை. மூட்டுகளின் கணக்கை நம் கண் அவ்வளவு ஆழமாகக் கற்று வைத்திருக்கிறது. அதை ஏமாற்ற முடியாது.

மூட்டுக்கு அப்பால் இன்னொரு கணக்கும் உண்டு. பாரிஸில் இருந்த ஜார்ஜ் குவியே, அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளைத் துண்டு துண்டாகப் பெற்று முழு விலங்கை ஊகித்தவர். அவருடைய கொள்கையை ‘உறுப்புகளின் ஒட்டுறவு’ எனலாம். இறைச்சி தின்னும் குடல் இருந்தால் கிழிக்கும் பல் இருக்க வேண்டும், பிடிக்கும் நகம் இருக்க வேண்டும், துரத்தும் கால் இருக்க வேண்டும். ஒரு பல்லைக் கொடுத்தால் பாதி விலங்கைச் சொல்லிவிடலாம். அவரைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு கதை: மாணவன் ஒருவன் சாத்தான் வேடமிட்டு இரவில் அவர் படுக்கையருகே வந்து, ‘உன்னைத் தின்னப்போகிறேன்’ என்று கத்தினானாம். குவியே கண்ணைத் திறந்து மேலும் கீழும் பார்த்தார். ‘கொம்பும் குளம்பும் இருக்கிறது. நீ இலை தின்கிறவன், உன்னால் முடியாது’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாராம்.

கதை நடந்ததோ இல்லையோ, கணக்கு சரி. இந்தக் கணக்கோடு யாளியைப் பாருங்கள். பல்லும் நகமும் புலிக்குடும்பம். பாயும் முதுகும் அதற்கேற்ற இடுப்பும் அதே குடும்பம். இதுவரை குவியே ஒப்புக்கொள்வார். தந்தமும் துதிக்கையும் வரும்போதுதான் விதி உடைகிறது. ஓர் இடத்தில், ஒரே இடத்தில். வெளிறிய மனிதனுக்குக் கண் இடம் மாறியதுபோல. மானுடவியலாளர் பாஸ்கல் பாயர், எந்தக் கற்பனை உருவங்கள் மனத்தில் தங்குகின்றன என்று ஆராய்ந்தவர். சார்லஸ் ராம்பிள் என்பவரோடு சேர்ந்து பிரான்ஸ், காபோன், நேபாளம் மூன்று இடங்களிலும் ஆட்களுக்குக் கதை சொல்லி, பிறகு எது நினைவிருக்கிறது என்று கேட்டார்கள். 2001ல் வந்தது அந்த ஆய்வு. சாதாரணப் பொருள்களைவிட, இயல்பு விதி ஒன்றை மீறியவை நன்றாக நினைவில் நின்றன. எல்லா விதியையும் மீறினால் மனம் பிடிக்க எதுவும் மிஞ்சாது என்பது பாயரின் வாதம். பத்து உறுப்பைக் கண்டபடி ஒட்டிய ஃபைபர் பூதம் வீட்டுக்குப் போவதற்குள் மறந்துபோவதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நம்புவது வேறு, பயப்படுவது வேறு. பயத்துக்குத் தனியாகச் சில சாவிகள் உண்டு. அதில் எனக்கு மிகப் பிடித்த ஆய்வு நம் ஊர்க் காட்டிலேயே நடந்தது. ரிச்சர்ட் காஸ், உமா ராமகிருஷ்ணன் முதலானோர் முதுமலையிலும் களக்காடு முண்டந்துறையிலும் நாட்டுக்குரங்குக் கூட்டங்களிடம் சிறுத்தைப் பொம்மையைக் காட்டினார்கள். ஒன்று புள்ளியுள்ள மஞ்சள் சிறுத்தை, இன்னொன்று கருஞ்சிறுத்தை. இரை வைத்த இடத்திலிருந்து சுமார் 25 மீட்டரில், புதருக்குப் பின்னாலிருந்து முன்பாதியை மட்டும், அல்லது பின்பாதியை மட்டும் நீட்டினார்கள். புள்ளியுள்ள முன்பாதி தெரிந்ததும் குரங்குகள் விரைவாக ஓடின. புள்ளியுள்ள பின்பாதிகூட, முகமே இல்லாமல், அவற்றை உஷார்ப்படுத்தியது. கறுப்புப் பின்பாதியை அவை பொருட்படுத்தவில்லை. அதாவது குரங்கு முழுச் சிறுத்தைக்காகக் காத்திருப்பதில்லை. இலைகளுக்கு நடுவே ஒரு கை அகலத்துக்குப் புள்ளி தெரிந்தால் போதும், மிச்சத்தை அதன் மூளை வரைந்து முடித்துவிடுகிறது.

பாம்புக்கும் இப்படியே. ஆதிக் குரங்கினத்தின் கண்ணும் மூளையும் கூர்மையடைந்ததற்குப் பாம்பு ஒரு முக்கியக் காரணம் என்று 2006ல் லின் இஸ்பெல் என்ற மானுடவியலாளர் ஒரு கருதுகோள் வைத்தார். 2013ல் அவர் ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து குரங்கு மூளையின் ஒரு பகுதியில் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தபோது, முகம், கை, வெறும் வடிவங்கள் ஆகியவற்றைவிடப் பாம்புப் படங்களுக்கு அதிகமான அணுக்கள் விரைவாகவும் வலுவாகவும் பதிலளித்தன.

டெல் டோரோ தம் பூதங்களை நெடுநேரம் இருட்டிலேயே வைத்திருப்பதும், கல்வராயன் மலைப்பாதையில் சாயங்காலம் தனியே நடக்கிறவர் காய்ந்த சருகுச் சத்தத்துக்கு நின்றுவிடுவதும் ஒரே காரணத்தால்தான். ஒரு துண்டு போதும். கோயில் யாளியின் சிற்பியும் இதை அறிந்திருந்தார். கண், கோரைப்பல், விரிந்த நகம், இந்த மூன்றையும் இயற்கையைவிடப் பெரிதாகச் செய்தார். முட்டியைப் பெரிதாக்கவில்லை.

இந்தக் கலை எவ்வளவு பழையது? ஜெர்மனியில் ஹோலென்ஷ்டைன் ஷ்டாடல் குகையில் 1939ல் கிடைத்த துண்டுகளை ஒட்டியபோது, 31 சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் உருவம் எழுந்தது. மாமத யானையின் தந்தத்தில் செதுக்கியது. தலை சிங்கம், நிற்பது மனிதன். வயது ஏறத்தாழ 40,000 ஆண்டு. பனியுகக் கல் உளிகளைக்கொண்டே அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது 400 மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. குளிரில், பசியில், ஒருவர் 400 மணி நேரம் உட்கார்ந்து இல்லாத ஒன்றைச் செதுக்கியிருக்கிறார். நரசிம்மரைக் கும்பிட்டு வளர்ந்த எனக்கு அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது கை கூப்பத் தோன்றியது.

மறுமுறை பட்டறைக்குப் போனபோது நானும் ஒரு ஏடு கொண்டுபோனேன். ஒரு யாளி வரைந்து சிற்பியிடம் காட்டினேன். பிடரி, தந்தம், நாக்கு எல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தேன். அவர் அவற்றைப் பார்க்கவே இல்லை. காதில் செருகியிருந்த தட்டைப் பென்சிலை எடுத்து, பின்னங்காலில் ஒரு சுழி போட்டார். வாசலில் பூவரச மரத்தடியில் கட்டியிருந்த வெள்ளாட்டைக் கைகாட்டினார்.

“அத வரைஞ்சிட்டு வாங்க தம்பி.”

ஆடு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. தழையைப் பார்த்தால் திரும்பும், என்னைப் பார்த்தால் திரும்பும். ஒன்பது பக்கம் வீணாயிற்று. பத்தாவது பக்கத்தில், அது முன்னங்காலைத் தூக்கி மரத்தில் ஊன்றி எட்டி இலை பறித்த ஒரு கணத்தில், வயிற்றுத் தோலுக்குள் முட்டி உருண்டு முன்னே வந்தது. அதை மட்டும் வரைந்தேன்.